குடும்பமாக எடுக்கும் பேய்ப்படம்: விமர்சனத்தில் எதை எடுத்துக்கொள்வது?

பால்மரத்தான்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு ஆட்களை வைத்தே பேய்ப்படம் எடுக்கும் தம்பிமார், 'ஹெல்பெண்டர்' என்ற அமெரிக்கப் பேய்ப்படத்தின் விமர்சனங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். அப்பா ஜான் ஆடம்ஸ், அம்மா டோபி போசர், மகள் செல்டா மூவரும் சேர்ந்து இயக்கிய படம். இன்னொரு மகள் லூலுவும் நடித்திருக்கிறார். 2021-இல் மாண்ட்ரியல் ஃபேன்டேசியா திரைப்பட விழாவில் காட்டினார்கள், 2022-இல் பேய்ப்படங்களுக்கான ஷடர் இணையத் தளத்துக்கு வந்தது.

"இந்தச் செலவில் இவ்வளவா!" என்ற பாராட்டால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அம்மா மகள் உறவைப் பற்றி எழுதியிருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். உனக்கு நோய் என்று சொல்லி, மகளை ஊர்க்கண்ணில் படாமல் காட்டிலேயே வளர்க்கிறாள் அம்மா. அந்தக் கதைக்கு ஆள் கூட்டமே தேவையில்லை, அதனால் சின்னக் குழு என்பது திரையில் குறையாகத் தெரியாது. நம் படங்களில் தோட்டத் திருவிழாவை எழுதிவிட்டு, நாலு பேரைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். கதை எழுதும்போதே வந்த கோளாறு அது, காசு இருந்தாலும் தீராது. கிராபிக்ஸ் மலிவாகத் தெரிகிறது, கதை மெதுவாகப் போகிறது என்று 'ஹெல்பெண்டரை' குறை சொன்னவர்களும் உண்டு. அதையும் தவறாமல் படியுங்கள்.

ஒலிப்பெட்டி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. விமர்சகர் 'பக்குவம் போதவில்லை' என்று எழுதினால், பெரும்பாலும் அவர் காது சொன்னதுதான் அது. அந்தியில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டில் சில்வண்டு கத்தும். கேமராவிலேயே இருக்கும் மைக்கில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் அந்தச் சத்தம் ஏறி இறங்கும், பயம் அங்கேயே போய்விடும். சட்டைக்குள் சின்ன மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே, துணி உரசாதபடி மருத்துவ டேப் போட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கு அடியில் அதை ஓடவிட்டால் வெட்டு தெரியாது.

லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) டியூப்லைட் திரையில் துடிக்கிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப் விநாடிக்கு 100 தடவை மின்னும். நொடிக்கு 25 பிரேம், கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 விநாடி வையுங்கள், அடங்கிவிடும்.

செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். கேமராவை வரிசைக்கு நேராக வைத்தால் முடிவில்லாத சுரங்கம் மாதிரி இருக்கும். கொஞ்சம் விலக்கி வைத்தால் மரங்கள் குழம்பிப்போய் வழி தவறியது போலத் தெரியும். இரண்டுக்கும் காசு செலவில்லை. உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம், முகமெல்லாம் திட்டுத்திட்டாக நிழல் விழும்.

கோயில்வாசல்:
தம்பி, எந்திர விஷயம் சரி. ஆனால் தோட்டத்து ஜனங்கள் படத்தைக் கழுவி ஊற்றுவது வேறு காரணத்துக்கு. முனியாண்டி எல்லைக் காவல், பேய் இல்லை. சுருட்டும் சாராயமும் படைக்கிற சாமியை இரத்தம் குடிக்கும் பிசாசாகக் காட்டினால், அரங்கில் முன்வரிசைப் பாட்டிகளே எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் சொல்லும் குறையையும் விமர்சனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சாமி ஏன் காவலைக் கைவிட்டது, யார் வாக்குத் தவறினார்கள் என்று கதையைத் திருப்பினால் பயமும் கூடும், மரியாதையும் நிற்கும். பூசாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். உண்மையிலேயே அருள் வந்து ஆடுபவரைப் படம் பிடித்து உங்கள் பேய்ப்படத்தில் செருகாதீர்கள்.

ஒலிப்பெட்டி:
நியாயம், அக்கா.

பால்மரத்தான்:
'ஹெல்பெண்டர்' எடுத்த அதே குடும்பம் 2025-இல் 'மதர் ஆஃப் ஃப்ளைஸ்' படத்துக்கு அதே ஃபேன்டேசியாவின் முதன்மைப் பரிசை வாங்கியது. போட்டியில் மற்றப் படங்களோடு சமமாக நின்று வாங்கியது.

படத்துக்குப் போலி இரத்தம் எப்படிச் செய்வது என்று கேட்டவருக்கு: ஒரு கப் சோளப்பாகு, இரண்டு தேக்கரண்டி சிவப்புச் சாயம், அரைத் தேக்கரண்டி கொக்கோ தூள், ஒரே ஒரு சொட்டு நீலம். கொக்கோ இல்லாவிட்டால் ரோஸ் சிரப் மாதிரி தெரியும். இனிப்பு என்பதால் தோட்டத்தில் எறும்பு மொய்த்துவிடும். தரையில் படுத்து நடிக்கும் காட்சிக்குச் சோளப்பாகை விட்டுக் கிளிசரின் ஊற்றுங்கள்.