புதிய கணினி ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை: செந்தூலிலிருந்து உதவி கேட்கிறேன்

செந்தூல்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இந்தத் தவணையில் உட்புற வடிவமைப்புப் படிப்பில் சேர்கிறாள். முப்பரிமாண வேலைக்கு அவளுடைய பழைய மடிக்கணினி தாங்காது. அதனால் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே கணினியைப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, ரேமில் வண்ண விளக்குகள் எரிகின்றன. மானிட்டரில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்ற வரி வந்து, சற்று நேரத்தில் அதுவும் அணைந்துவிடுகிறது.

ரைசன் 5 7600 சிபியு, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் அட்டை, 650 வாட் பவர் சப்ளை. மானிட்டரும் எச்டிஎம்ஐ கேபிளும் பழையவை. மடிக்கணினியில் செருகினால் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன.

மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. 'டிராம்' என்று எழுதியிருக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ரேமைக் கழற்றி மாட்டினேன், ஒன்றை மட்டும் போட்டும் பார்த்தேன். அரை நிமிடம் போலப் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன். பொருளை மாற்றிக்கொள்ளக் கடையில் கொடுத்த ஒரு வாரக் கெடு முடியப் போகிறது. ரேமா, போர்டா, எதைத் தூக்கிக்கொண்டு போவது?

கெப்போங்வாசி:
ரேம் விளக்கு எரிந்தால் ரேம் கோளாறுதான். இரண்டையும் கொண்டுபோய் மாற்றி வாங்குங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

பிறை பழுதுக்காரர்:
தம்பி, எதையும் கழற்றாதீர்கள், கடைக்கும் இப்போது போக வேண்டாம். அந்த விளக்குக்கு 'ரேம் கெட்டுவிட்டது' என்று பொருள் இல்லை. கணினி எழும்போது முதலில் சிபியு, அடுத்து ரேம், பிறகு கிராபிக்ஸ், கடைசியில் வட்டு என்று வரிசையாகச் சோதிக்கும். இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் விளக்கு காட்டுகிறது. மதர்போர்டு ரேமோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம். நீங்கள் நடுவில் அணைத்துவிடுகிறீர்கள்.

டிடிஆர்5 வந்த பிறகு இது எல்லோரையும் பயமுறுத்துகிறது. சிபியுவுக்கும் ரேமுக்கும் இடையே ஓடும் கம்பிகள் ஒவ்வொன்றிலும் சிக்னல் எந்த நொடித்துகளில் வருகிறது, எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று மதர்போர்டு முதல் முறை எழும்போது அளந்து பார்த்துக் குறித்துவைக்கும். மெமரி டிரெயினிங் என்பது இதுதான். 2022 செப்டம்பரில் வந்த, உங்கள் பி650 போன்ற ஏஎம்5 வகை போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். ரேம் நான்கு போட்டால் இன்னும் நீளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நடுவில் தானாக அணைந்து மறுபடி எழுந்தாலும் திடுக்கிட வேண்டாம். அரை நிமிடத்தில் அணைத்தால் அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து. ரேமை இடம் மாற்றினாலும் அப்படித்தான்.

பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை அணைத்து, மூன்று முள் பிளக்கையும் உருவிவிட்டு, ரேம் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கையேட்டில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். பல போர்டுகளில் ரேமைப் பிடிக்கும் கொக்கி ஒரு பக்கம் மட்டும்தான். கொக்கி இருக்கும் பக்கம் 'டக்' என்று விழுந்தவுடன் கையை எடுத்துவிடுவோம், மறுபக்கம் கடுகளவு தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திச் சமமாக்குங்கள். பிறகு மின்சாரம் கொடுத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் கிட்டவே போகாதீர்கள். இடியும் மின்னலுமான மாலை நேரம் வேண்டாம், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் வீண்.

இன்னொன்று, சிபியுவைக் கழற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வகையில் 1718 ஊசிகளும் மதர்போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் கடைக்காரர் போர்டைத் திரும்ப வாங்க மாட்டார்.

செந்தூல்காரன்:
மிக்க நன்றி அண்ணே. ரேம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஒன்றின் கீழ்ப்பக்கத்தை அழுத்தியதும் மெல்ல இறங்கியது. இயக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது! ஆனால் இப்போது கிராபிக்ஸுக்கான 'விஜிஏ' அருகே வெள்ளை விளக்கு. திரை அப்படியேதான் இருக்கிறது.

பிறை பழுதுக்காரர்:
நல்ல செய்திதான். ரேமைத் தாண்டிவிட்டது, இனி அதைத் தொட வேண்டாம். 7600 சிபியுவுக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. அட்டையை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். படம் வந்தால் அட்டை இருக்கும் பக்கம்தான் சிக்கல்.

பத்துமலை அன்பர்:
அட்டைக்குத் தனி மின்கேபிள் கொடுத்தீர்களா? 4060க்கு 115 வாட் வேண்டும், செருகும் இடத்திலிருந்து 75 வாட்தான் கிடைக்கும். அட்டைக்குப் போகும் எட்டு முள் கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். சிபியுவுக்குப் போவது நான்கும் நான்குமாகப் பிரியும். ஒன்றை மற்றதில் வலிந்து திணிக்க வேண்டாம். அட்டையைத் திரும்பப் பொருத்திய பிறகு எச்டிஎம்ஐ கேபிளை அட்டையில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

செந்தூல்காரன்:
படம் வந்துவிட்டது! அட்டை இல்லாமல் பயாஸ் (கணினி எழும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) திரை தெரிகிறது, 32 ஜிபியும் காட்டுகிறது. தங்கை பின்னால் நின்று கைதட்டினாள்.

பிறகு டார்ச் வெளிச்சத்தில் அட்டையை மறுபடி பொருத்திப் பார்த்தேன். மின்கேபிள் சரி. ஆனால் அட்டையின் பின்பக்க உலோகப் பட்டையின் நுனியில் நாக்குப்போல ஒரு துண்டு இருக்கிறது அல்லவா? அது பெட்டியின் இடைவெளிக்குள் இறங்காமல் விளிம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அதனால் உள்பக்கம் அட்டையின் தங்கநிறப் பற்கள் மெல்லிய கோடாக வெளியே தெரிந்தன. திருகை முடுக்கியிருந்ததால் வெளியிலிருந்து பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. திருகைக் கழற்றி, நாக்கை முதலில் இடைவெளிக்குள் விட்டு, அட்டையை நேராக அழுத்தியபோது கொக்கி சத்தத்துடன் பிடித்துக்கொண்டது. கேபிளை அட்டையில் மாற்றிச் செருகியதும் படம் வந்துவிட்டது. வெள்ளை விளக்கும் அணைந்துவிட்டது.

கெடு முடிவதற்குள் போர்டையும் ரேமையும் வீணாகச் சுமந்துகொண்டு அலைய இருந்தேன், காப்பாற்றினீர்கள். ஒரு சந்தேகம்: பயாஸில் ரேம் வேகம் 4800 என்று இருக்கிறது, ரேம் வந்த பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது.

பிறை பழுதுக்காரர்:
கோளாறு இல்லை. பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினால் 6000 வரும். ஆனால் முதலில் விண்டோஸ் போட்டு ஓரிரு நாள் வேலை செய்து பாருங்கள், கணினி நிலையாக இருக்கிறதா என்று தெரியட்டும். எக்ஸ்போவை இயக்கியதும் மெமரி டிரெயினிங் மறுபடி நடக்கும், திரை கொஞ்ச நேரம் கறுக்கும். தங்கையிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கெப்போங்வாசி:
டிடிஆர்4 காலத்தில் இவ்வளவு நேரம் ஆனதில்லை, அதை வைத்துத்தான் சொன்னேன். விளக்கத்திற்கு நன்றி.

பட்டர்வொர்த் மாணவன்:
அண்ணே, எனக்கும் இதே நிலைதான். ரைசன் 5 5600, யாரோ பயன்படுத்திய பி450 மதர்போர்டு. 'சிபியு' விளக்கு எரிகிறது. அரை மணி நேரம் விட்டும் மாறவில்லை. அட்டையைக் கழற்றிவிட்டு போர்டில் செருகிப் பார்க்கலாமா?

பிறை பழுதுக்காரர்:
உங்களுக்கு அந்த வழி உதவாது தம்பி. 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி என்றால்தான் உண்டு. அட்டையைக் கழற்றினால் திரை எப்படியும் வராது. பி450 வந்தது 2018இல், உங்கள் சிபியு வந்தது 2022 ஏப்ரலில். முன்னால் வைத்திருந்தவர் பயாஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்த போர்டுக்கு இந்தச் சிபியுவை அடையாளம் தெரியாது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு பட்டியலைத் திறந்தால், 5600க்கு எந்தப் பதிப்பு முதல் வேண்டும் என்று போட்டிருக்கும்.

போர்டின் பின்பக்கம் 'பயாஸ் பிளாஷ்பேக்' என்ற பொத்தான் இருந்தால் சிபியு வேலை செய்யாமலேயே புதுப்பிக்கலாம். பென்டிரைவை ஃபேட்32 முறையில் வடிவமைத்து, கோப்பின் பெயரைக் கையேட்டில் சொல்லியபடி மாற்றி, கையேடு காட்டும் யூஎஸ்பி துளையில் செருகுங்கள். விளக்கு சிமிட்டுவது நிற்கும்வரை மின்சாரத்தில் கை வைக்காதீர்கள். பொத்தான் இல்லையென்றால் பழைய ரைசன் 2000 வகைச் சிபியு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுத்தான் புதுப்பிக்க முடியும். போர்டின் மாடல் பெயரை இங்கே எழுதுங்கள், பொத்தான் உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.