காய் சேர்ந்தும் ரோன் பட்டன் வரல (ஜப்பான் மாஜோங்)

புதுக்கை: அவசரம். ஆன்லைன்ல 4 பேர் ஆட்டம். கை முடிஞ்சிருச்சு, வேண்டிய காய எதிராளி எறியறான், அத வெச்சு ஜெயிக்கற ரோன் பட்டனே வரல. 3 தடவை ஆச்சு. செயலில கோளாறா?

மதில்14: கையில என்ன காய்? போன் (எதிராளி எறிஞ்சத எடுத்து ஒரே காய் மூணு சேர்க்கறது), சீ (அப்படியே எடுத்து வரிசை சேர்க்கறது) ஏதாவது சொன்னீங்களா? நீங்க எறிஞ்ச காய் என்னென்ன? இது மூணும் தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சோப்பறவை: எழுதி வெச்சுக்கோங்க, ஃபுரித்தென். காத்திருக்கற காய்ல ஒன்ன ஏற்கெனவே எறிஞ்சிருப்பீங்க. புதுசா வர்றவங்க பாதிப் பேர் மாட்டறது அதுலதான்.

ரம்மிராசா: யாக்கு (ஜெயிக்கத் தேவையான தகுதி) இருந்திருக்காது. ரம்மில ஒரிஜினல் இல்லாம டிக்ளேர் பண்ணா ராங் ஷோ இல்லையா? 4 செட்டும் 1 ஜோடியும் சேர்ந்தா மட்டும் போதாது, பட்டியல்ல இருக்கற யாக்கு ஒன்னாவது வேணும்.

பெரியகை: விதியப் படிக்காம உட்கார்ந்தா இப்படித்தான். இதே கேள்வி வாரத்துக்கு ஒன்னு வருது. மேல தேடிப் பார்க்கற பழக்கமே கிடையாது.

புதுக்கை: சீ சொன்னது பின் 7-8-9, எடுத்தது 8 (மான், பின், சோ மூணும் காய் இனம்). கையில மான் 2-3-4, 6-7-8, பின் 5-5 (ஒன்னு சிவப்பு), சோ 4-5. எதிராளி போட்டது சோ 6. ஆரம்பத்துல சோ 3 எறிஞ்சேன், ஆனா வந்தது 6 தானே?

சோப்பறவை: சொன்னேன்ல! 4-5 காத்திருக்கறது 3-க்கும் 6-க்கும். ரெண்டுல ஒன்னு உங்க குப்பையில கிடந்தாலே ரெண்டுக்கும் ரோன் கிடையாது.

மதில்14: அது சரி, ஆனா பாதிதான். ஃபுரித்தென் தடுக்கறது ரோனை மட்டும், தானா எடுத்தா சுமோ சொல்லலாம். புதுக்கை, சோ 6-ஐ நீங்களே எடுத்தப்ப சுமோ பட்டன் வந்துதா?

புதுக்கை: இல்ல. அடுத்த சுத்துலயே எடுத்தேன், அப்பவும் வரல.

மதில்14: அப்ப யாக்கும் இல்ல. சீ சொன்னதும் கை திறந்துருச்சு. ரீச்சி (மூடின கைக்கு ஒரு காய்தான் பாக்கின்னு அறிவிக்கறது), பின்ஃபு (மூணு காய் செட் எல்லாம் வரிசையா இருக்கற மூடின கை), மூடின கைக்குச் சுமோவாலயே கிடைக்கற யாக்கு, மூணும் போச்சு. 9 பின் இருக்கறதால தான்யாவ்ங்கற யாக்கும் இல்ல, அதுக்கு 2-லிருந்து 8 வரைதான். சிவப்பு 5 வெறும் தோரா. புள்ளி ஏத்தும், யாக்குல சேராது.

பெரியகை: சுவர்ல (காய் எடுக்கற அடுக்குல) கடைசிக் காயா இருந்திருந்தா அதுவே யாக்கு. முழுசாச் சொல்லணும்.

மதில்14: அத நம்பி யாரும் சீ சொல்றதில்ல. அந்த 8 பின்னை விட்டிருக்கணும். அதையே சுவர்லேருந்து எடுத்திருந்தா ரீச்சி, பின்ஃபு, சிவப்பு 5: ரோன்ல 3900 புள்ளி, கிழக்கு (டீலர்) நீங்களா இல்லாத பட்சத்துல. (சோ 3 எறியாம இருந்திருந்தா!) இல்ல, 6 பின் வந்தா 9-ஐ எறிஞ்சு 6-7 ஆக்கியிருக்கலாம். அப்புறம் 5-க்கோ 8-க்கோ சீ சொன்னாலும் தான்யாவ் நிக்கும்.

தேக்காவாசி: எங்க சிங்கப்பூர்ல இந்தத் தலைவலி குறைவு. 148 காய், பூனை, எலி, சேவல், பூரான் எல்லாம் உண்டு. மிருகம் ஒன்னு வந்தாலே 1 தாய் (அங்க யாக்கு மாதிரி எண்ணற கணக்கு). பழக அதுதான் சுலபம்.

ரம்மிராசா: தாய் இல்லாம அங்கயும் ஜெயிக்க முடியாதே. ஒரிஜினல் மாதிரிதான்.

பெரியகை: மறுபடி ரம்மியா? ரம்மில எறிஞ்ச சீட்ட உங்களுக்கு அடுத்த ஆள் மட்டும்தான் எடுப்பான். இங்க போனுக்கு 3 பேரும் பாயலாம். தோராவ ஜோக்கர்னு நினைச்சு வர்ற கூட்டமும் இந்த ஒப்பீட்டாலதான்.

ரம்மிராசா: ஜோக்கர்னு நான் எங்க சொன்னேன்?

மதில்14: சண்டைய வேற இழைல வெச்சுக்கோங்க. புதுக்கை, முதல் 10 ஆட்டம் சீ, போன் தொடாதீங்க, ரீச்சிக்கு மட்டும் ஆடுங்க. 1000 புள்ளி குச்சி வைக்கணும், சுவர்ல குறைஞ்சது 4 காய் மிச்சமிருக்கணும். விதிவிலக்கு ஒன்னுதான்: வெள்ளை, பச்சை, சிவப்பு டிராகன், உங்க காத்து (உங்க இடத்துத் திசைக் காய்), சுத்துக் காத்து (அந்தச் சுத்தோட திசைக் காய்), இதுல ஜோடி இருந்தா போன் சொல்லுங்க, அதுவே யாக்கு.

புதுக்கை: சீ தொடாம ஆடினேன், ரீச்சில ஒரு ரோன் விழுந்துச்சு. நன்றி. இன்னொன்னு: சும்மா பார்த்தேன், சில நேரம் 4-5 வெச்சிருந்து 6 விழுந்தும் சீ பட்டனே வரல. ஏன்?

மதில்14: எறிஞ்சது யாரு? இடப்பக்கத்து ஆளா?