டிஸெபிலிட்டி வழக்கு: வக்கீலுக்கு 25 சதவீதம் நியாயமா?

கலா, நியூஜெர்சி:
என் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதுகுத்தண்டு போய், இப்போது சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்கார முடியாது. வேலை செய்ய முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் டிஸெபிலிட்டி மாதத்தொகையை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் மறுத்துக்கொண்டே இருந்து, ஃபெடரல் கோர்ட் வரை போய்த்தான் பணம் கிடைத்தது. நிலுவை 80,000 டாலர். அதில் 20,000 டாலரை வக்கீல் ஃபீஸுக்கென்று அந்த அலுவலகம் நிறுத்தி வைத்திருக்கிறது. அது முழுவதும் தனக்கு வேண்டும் என்று வக்கீல் நீதிபதியிடம் மனு போட்டிருக்கிறார். கோர்ட் வேலைக்கு அவர் காட்டிய கணக்கு 20 மணி நேரம். மணிக்கு 1,000 டாலர்! இதை நீதிபதி அப்படியே ஒப்புக்கொள்ளலாமா?

செந்தில்:
ஒப்புக்கொள்ளலாம் அக்கா. நான் வக்கீல் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறேன். தோற்றிருந்தால் அவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடைத்திருக்காது. தோற்ற வழக்குகளுக்கு உழைத்த நேரத்தையும் ஜெயித்த வழக்குதான் தாங்க வேண்டும். இதே ஃபீஸ் பற்றி 2002இல் வந்த கிஸ்பிரெக்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே மணிக்கணக்கில் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை முதலில் பார்க்கச் சொன்னது. நீங்கள் கையெழுத்துப் போட்டது 25 சதவீதத்துக்குத்தானே?

கலா:
போட்டேன் தம்பி. வேலை போய், வாடகை பாக்கி நின்ற நேரத்தில் எதை நீட்டினாலும் போட்டிருப்பேன். ஆனால் 25 என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. வேலைக்கு மிஞ்சிய பணம் என்றால் குறைக்கலாம், வக்கீலால் தாமதம் என்றால் அந்தத் தாமதத்தால் அவர் லாபம் பார்க்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எழுத்து வாதம் தாக்கல் செய்ய இவர் இரண்டு முறை அவகாசம் கேட்டார், மொத்தம் 60 நாள். மாதம் 1,600 வீதம் நிலுவை 3,200 ஏறியது. அவர் பங்கு 800 ஏறியது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் கிரெடிட் கார்டில் அரிசி வாங்கினோம்.

மணியன்:
இந்தியாவில் ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் பேசவே கூடாது, பார் கவுன்சில் விதி இருக்கிறது. இங்கேயும் அப்படி வைத்தால் என்ன?

செந்தில்:
வைத்தால் சம்பளமே இல்லாத நோயாளி முன்பணத்துக்கு எங்கே போவார் ஐயா? அக்கா, ஒன்றைக் கவனியுங்கள். அரசின் நிலைப்பாட்டில் நியாயம் இல்லை என்றால் ஈஏஜேஏ (Equal Access to Justice Act) என்ற சட்டப்படி அரசே தனியாக ஃபீஸ் கட்டும். ஒரே வேலைக்கு அந்த ஃபீஸும் நிலுவையிலிருந்து எடுக்கும் ஃபீஸும் வந்தால், சிறியதை வக்கீல் உங்களிடம் திருப்பித் தர வேண்டும்.

கலா:
அது 4,600 டாலர், ஏற்கெனவே வாங்கிவிட்டார். மனுவின் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே, சோஷியல் செக்யூரிட்டி அலுவலக விசாரணையில் செய்த வேலைக்கும் தனியாகக் கேட்பாரா?

செந்தில்:
கேட்கலாம். 2019இல் உச்ச நீதிமன்றத்தின் கல்பர்ட்சன் தீர்ப்பு வந்த பிறகு, இரண்டையும் சேர்த்து 25க்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுத்தி வைப்பது ஒரே 25 சதவீதம்தான். மிச்சத்துக்கு உங்களிடமே வரலாம். இது எனக்கும் உறுத்துகிற இடம். அதைக் கேட்க மாட்டேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கலா:
பணம் எங்களுடையது, அரசு வக்கீலுக்கு நஷ்டம் இல்லை. அவர் எதற்கு மெனக்கெட்டு எதிர்க்கப் போகிறார்? நாங்கள் பேசாவிட்டால் நீதிபதிக்கு ஒரு பக்கம்தான் தெரியும். இன்று ராத்திரி கடிதம் எழுத உட்காருகிறேன்.

செந்தில்:
25ஐக் குறைப்பதில் எனக்கு இன்னமும் சம்மதம் இல்லை அக்கா. ஆனால் எழுதுங்கள். அவகாசம் கேட்ட இரண்டு தேதியையும் கோர்ட் பதிவிலிருந்து எடுத்து முதல் பத்தியிலேயே போடுங்கள்.