தமிழ் எண் போட்ட சூரியக் கடிகாரம்: நிழல் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, மணியும் பிந்துகிறது

கத்ர்போர்ன் தகடு:
மொரீஷியஸில் எங்கள் கோவில் முற்றத்தில் வைக்க 20 செ.மீ. ஆரத்தில் படுக்கைவாட்டுச் சூரியக் கடிகாரம். லண்டனுக்கு வரைந்த மாதிரியை அப்படியே அலுமினியத்தில் பதித்து, எண்களை மட்டும் தமிழில் மாற்றியது. நிழல் விழவைக்கும் முள்ளின் சாய்வு 51.5 டிகிரி, தெற்கு நோக்கி நிற்கிறது. காலை நிழல் ௧, ௨, ௩ (1, 2, 3) பக்கம் விழுகிறது. பிப்ரவரி 11 அன்று நிழல் ௰௨-ஐ (12) தொட்டபோது கைக்கடிகாரத்தில் 12:24. எண்களை இடம் மாற்றி எழுதினால் சரியாகுமா?

நிழல்கோல்:
ஆகாது, தகட்டையே புதிதாக வரைய வேண்டும். முள்ளின் சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். நம் தலைநகர் போர்ட் லூயிக்கு அது தெற்கே சுமார் 20.2 டிகிரி. மணிக்கோடுகளின் கோணமும் அதோடு மாறும். நண்பகல் கோட்டிலிருந்து ஒரு மணிக்கு 5.3, இரண்டுக்கு 11.3, மூன்றுக்கு 19, நான்குக்கு 30.9, ஐந்துக்கு 52.2, ஆறுக்கு 90 டிகிரி. லண்டன் மாதிரியில் முதல் கோடே கிட்டத்தட்ட 12 டிகிரி தள்ளி இருக்கும்.

நமக்கு நண்பகல் சூரியன் பெரும்பாலும் வடக்கே. நிழல் மேற்கில் தொடங்கி, தெற்கு வழியாகக் கிழக்கே போகும். எண்களும் அதே வரிசையில்தான் போக வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் முள் வடகோளத்து நிழலின் போக்கில் சுற்றுவது; இங்கே அது தலைகீழ். சன்னிதியை நாம் வலம் வருகிறோம், வெளியே முற்றத்தில் நிழல் இடம் வருகிறது! தகட்டின் ஓரத்தில் இதை ஒரு வரியாகப் பொறித்து வையுங்கள், பிள்ளைகள் நின்று யோசிப்பார்கள்.

நாழிகை வட்டில்:
24 நிமிடம் பிழையே இல்லை. நம் நேரம் 60 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. போர்ட் லூயி 57.5-ல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் ஆண்டு முழுதும் 10 நிமிடம் பிந்தும். அதோடு பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து பிப்ரவரி 11 அளவில் இன்னும் 14 நிமிடம் பின்தள்ளும். ஆக மொத்தம் 24 நிமிடம், அதாவது சரியாக ஒரு நாழிகை! 2025-ல் தைப்பூசக் காவடியும் அதே நாளில்தான் வந்தது.

நவம்பர் 3 அளவில் இதே கடிகாரம் 6 நிமிடம் முந்தும். அக்டோபர் தொடக்கத்திலும் டிசம்பர் தொடக்கத்திலும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகும். கோடுகளை நகர்த்தித் திருத்த வேண்டாம். மாதவாரியான வித்தியாசத்தைப் பக்கத்தில் ஒரு சிறு பட்டியலாக வைத்தால் போதும்.

கல்வெட்டுக்காரன்:
20 செ.மீ. ஆரத்தில் ௰௧-க்கும் ௰௨-க்கும் நடுவே 1.8 செ.மீ.தான் கிடைக்கும். இரண்டும் இரட்டை எழுத்து, நெருக்கியடிக்கும். ஆரத்தை 30 ஆக்கினால் 2.8 செ.மீ. வரும். இடம் போதவில்லை என்று ௧௦, ௧௧ என மாற்றாதீர்கள். பழைய முறையில் சுழியம் கிடையாது, பத்துக்கு ௰ என்றே தனிக்குறி. ௩-ஐ ங என்று வெட்டிவிடும் தவறும் அடிக்கடி நடக்கிறது, அச்சு எடுத்துக் காட்டியே வெட்டச் சொல்லுங்கள். ௮ எழுத்து ‘அ’ போலவே இருப்பது பிழையல்ல. எட்டு ‘அ’, கால் ‘வ’, சேர்த்தால் ‘அவ’லட்சணம். ‘எட்டேகால் லட்சணம்’ என்ற வசை பிறந்ததே இதில்தான்.

முள் தகடு 3 மி.மீ. தடிமன் என்றால் நண்பகல் கோட்டையும் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டாகப் போட வேண்டும். காலைக் கோடுகள் மேற்கு விளிம்பிலிருந்து, மாலைக் கோடுகள் கிழக்கு விளிம்பிலிருந்து. ஒரே கோடாகப் போட்டால் 20 செ.மீ. ஆரத்தில் நண்பகலை ஒட்டிப் பத்து நிமிடம் வரை பிசகும். அடியில் எரிமலைக் கருங்கல் அழகுதான், ஆனால் அதன் மேல் நிழல் தெரியாது. வெள்ளை பூசியாக வேண்டும்.

கத்ர்போர்ன் தகடு:
புதுத் தகட்டை வைக்கும்போது தெற்கைக் காந்த ஊசி வைத்துப் பார்க்கலாமா?

நிழல்கோல்:
ஊசி இங்கே 15 டிகிரிக்கு மேல் மேற்கே விலகும், நம்ப வேண்டாம். தூக்குநூல் பிடித்து ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையிலும் மாலையிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தானது தெற்கு. நவம்பர் 22 முதல் ஜனவரி 20 வரை நண்பகலில் குச்சி நிழல் வடக்கே விழும். டிசம்பர் 21-ல் ஒரு மீட்டர் குச்சிக்கு 6 செ.மீ. கூட வராது. அந்த நாட்களில் நண்பகல் நிழலைப் பார்த்துத் திசை குறிக்காதீர்கள், வட்டம் மட்டும் போதும்.