போர்னியோ காட்டுல வாலண்டியரா போகலாமா?

மண்டபம் பையன்: அண்ணே அக்கா வணக்கம், வலையில மாட்டுன ஆவுளியாவ, அதான் கடல்பசுவ, எங்க ஊரு ஆளுங்க திரும்ப கடல்ல விட்டத பாத்ததுல இருந்து உசுருகள காப்பாத்துற வேலைதாண்டு முடிவு பண்ணிட்டேன். போர்னியோ தீவுல மலேசியாவோட சபா மாநிலத்துல, கினபத்தாங்கான் ஆத்தோரம் ஒராங்குட்டான் குரங்கு இருக்குற காட்டுக்கு போகணும். குட்டிய தூக்கி வச்சு போட்டோ எடுக்கலாம்ண்டு ஒரு விளம்பரம், பணமும் நாமதான் கட்டணுமாம், நம்பலாமா?

கீழக்கரை அக்கா: தம்பி, குட்டிய கையில குடுக்குறேன்னாலே அந்தப் பக்கம் போகாத. நம்ம சளி காய்ச்சல் அதுகளுக்கு ஒட்டிக்கும், உசுரே போயிரும். 1964ல ஆரம்பிச்ச சபாவுல இருக்குற செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்துலயே பாக்க வர்றவங்கள தொட விடமாட்டாங்க. பணம் கட்டுறது தப்பில்ல, தங்க, சாப்பாட்டுக்குண்டு பல எடத்துல வாங்குறதுதான், எதுக்கு போகுதுண்டு கணக்கு கேளு.

தேவிபட்டினம் ராவுத்தர்: அக்கா சொல்றது சரி. அங்க முக்கியமான வேலையே மரக்கன்னு நடுறதுதான் தம்பி, எண்ணெய்ப்பனை தோட்டம் வந்து காடு துண்டு துண்டா போச்சு, அத சேக்கத்தான் ஆத்தோரம் மரம் வைக்கிறாங்க, நட்டா மட்டும் போதாது, கொடி ஏறி கன்ன மூடிரும், வெட்டிவிட்டுக்கிட்டே இருக்கணும். இலை நுனியில ரத்தம் உறிஞ்சுற அட்டைப்பூச்சி நீட்டிக்கிட்டு நிக்கும், முட்டி வரைக்கும் வர்ற நெருக்கமான சாக்ஸ் வாங்கிக்க. கோலாலம்பூர்ல முத்திரை குத்துனாலும் சபால மறுபடி பாஸ்போர்ட் காட்டணும். டூரிஸ்ட் விசால இந்த வேலை செய்யலாமாண்டு எழுத்துல கேட்டு வாங்கு.

மண்டபம் பையன்: ரொம்ப நன்றிண்ணே, அந்த விளம்பரத்த விட்டுட்டேன், கன்னு நடுற எடமா தேடுறேன்.