கொடுமையிலிருந்து வெளியே வந்த பெண்ணின் மூளை தெரபியால் மாறுமா?

மல்லி கேட்டது:
அக்கா அந்த வீட்டை விட்டு வந்து 3 வருடம் ஆகிறது. இன்னும் கதவு படாரென்று சாத்தினால் அப்படியே உறைந்துபோகிறாள், ராத்திரி தூக்கம் கிடையாது. தெரபிக்குக் கூப்பிட்டால் "பேசினா என்ன மாறிடும், என் மூளையே கெட்டுப்போச்சு" என்கிறாள். பேச்சு நிஜமாகவே மூளையை மாற்றுமா?

வேர்கள்:
நான் மனநல ஆலோசகர். முதலில் இதைச் சொல்லுங்கள்: மூளை கெட்டுப்போகவில்லை, உயிரைக் காப்பாற்றப் பழகிக்கொண்டது. ஆபத்து மணி அடிப்பது மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி. அடுத்த அடி எப்போது விழுமோ என்று வருடக்கணக்கில் காத்திருந்தவருக்கு அது சின்னச் சத்தத்துக்கும் அடிக்கும், அதை அடக்க வேண்டிய நெற்றிப் பக்க மூளையின் பிடியும் தளர்ந்திருக்கும். தெரபியில் பழைய நினைவு அழியாது. பாதுகாப்பான இடத்தில் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பேசும்போது, அது அன்றைக்கு நடந்தது, இன்றைக்கு இல்லை என்ற புதுப் பாடம் பதிகிறது, அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம். துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுத்த ஆய்வு ஒன்று 2013ல் வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் கலவரமூட்டும் படங்களைப் பார்க்கும்போது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்திருந்தது.

கரைசேர்ந்தவள்:
நான் 12 அமர்வு போனேன். முதல் சில வாரம் கெட்ட கனவு கூடியது, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், அக்காவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'முன்னாடியே ஏன் கிளம்பவில்லை' என்று என்னையே குத்திக்கொண்டிருந்தேன். அதை எழுதச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். அங்கேதான் அழுதேன், அங்கேதான் ஏதோ அவிழ்ந்தது. சத்தம் கேட்டால் இப்போதும் திடுக்கிடுவேன், ஆனால் ஒரு நிமிடத்தில் மீண்டுவிடுகிறேன், முன்பெல்லாம் அந்த நாளே போய்விடும்.

தென்றல்:
இதை யாரும் கேட்கவில்லை. தலையில் அடி பட்டதா, கழுத்தை நெரித்தார்களா? மறதி, தலைவலி, கவனச் சிதறல் எல்லாமே மூளைக் காயத்தாலும் வரும். அதைப் பயம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிச் சிகிச்சைதான் கிடைக்கும். நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள், தெரபியும் தொடரட்டும்.

மல்லி:
இரண்டு தடவை கழுத்தை நெரித்திருக்கிறான். டாக்டரிடம் சொன்னதே இல்லையாம். சரி, இந்த வாரமே கூட்டிப்போகிறேன். வேர்கள் எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், 'பழகிக்கொண்டது' என்ற இடம் வந்ததும் இன்னொரு தடவை படி என்றாள்.