ஷ்டூர் நினைவு நாணயம்: விளிம்பு எழுத்து குறித்து உதவி தேவை

நாணயச் சேகரிப்பு நண்பர்களுக்கு வணக்கம். 1843இல் ஸ்லோவாக் எழுத்து மொழிக்கு, நடு ஸ்லோவாக்கியப் பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்டு, இலக்கணம் வகுத்த லூதோவீத் ஷ்டூரின் 200ஆவது பிறந்த ஆண்டையொட்டி ஸ்லோவாக்கியா 2015இல் வெளியிட்ட 2 யூரோ நாணயங்கள் இரண்டு என்னிடம் உள்ளன. ஷ்டூரின் முகம் மேலே இருக்குமாறு வைத்தால், ஒன்றில் விளிம்பிலுள்ள ‘ஸ்லோவென்ஸ்கா ரெபுப்லிகா’ என்ற எழுத்து நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் தெரிகிறது. தலைகீழானது அச்சுப் பிழை என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அதற்குக் கூடுதல் விலை வாங்கிவிட்டார். இது உண்மையிலேயே பிழையா, அல்லது இரு விதமாகவும் இயல்பாக அமைவதா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.